இடது காலுக்கு ஒரு ஞானத்தந்தை

எங்கள் ஊர் மைதானம் சாய்வாக இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அது பொய். மைதானம் நேராகத்தான் இருக்கிறது, மலைதான் சாய்ந்திருக்கிறது. மேல்பக்கத்திலிருந்து ஆடும் அணி பந்தை உதைக்க வேண்டிய அவசியமே இல்லை. பந்தின் மேல் வைத்திருக்கும் காலை எடுத்தால் போதும். ஒரு தடவை எங்கள் கோல்காப்பாளன் எலிசேயோ உதைத்த பந்து, எதிர்க் கோலையும் தாண்டிப் போய், தோன் ஃபுல்ஹென்சியோவின் செங்கல் சூளைக்குள் விழுந்துவிட்டது. சூளையைத் திறந்தபோது பந்து நன்றாக வெந்து, சுண்டினால் கணீரென்று சத்தம் கொடுக்கும் பதத்தில் இருந்தது. வேறு பந்து இல்லாததால் அடுத்த ஞாயிறு அதை வைத்துத்தான் ஆடினோம். அதைத் தலையால் முட்டிய எதிரணி ஆள் ஒருவன் பிறகு அரசியலுக்குப் போய் நன்றாக இருக்கிறான்.

ஊர் சான் லூக்காஸ். அணியின் பெயர் செங்கல்காரர்கள். ஆடுவது மூன்றாம் பிரிவு. மெக்சிகோவில் மூன்றாம் பிரிவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். நாங்கள் குனிந்து பார்த்திருக்கிறோம். சோளக்கொல்லைதான் இருக்கிறது. நான் அந்த மைதானத்தின் ஒலிபெருக்கிக்காரன். ஞானஸ்நானப் பெயர் க்ரெசென்சியோ, கூப்பிடுவது தோன் சென்ச்சோ; ‘தோன்’ என்றால் எங்கள் பக்கத்து ‘ஐயா’. கோல் விழுந்தால் கத்துவது என் வேலை. அந்த வகையில் எனக்கு ஓய்வு அதிகம்.

அதெரித்தோ வந்த அன்று நான் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு பையோடு, பேருந்திலிருந்து இறங்கி நேராக வந்தான். கருத்த, நெட்டையான இளைஞன். நடக்கும்போதே தெரிந்தது, கால்களுக்குப் பந்து பழக்கம் என்று. கைபேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினான். லட்சம் பேர் உட்காருகிற விளையாட்டரங்கம்.

“இது எங்க இருக்கு, ஐயா?”

“தலைநகரத்துல இருக்கு, தம்பி.”

“என் ஏஜென்ட் இங்கதான் எறங்கணும்னு சொன்னாரு.”

“சரியாத்தான் சொல்லியிருக்காரு. அதே நாடுதான். பாதி தூரம் வந்துட்ட.”

அவன் கேப் வெர்டேக்காரன்; ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலுக்குள் இருக்கிற தீவு நாடு. அங்கே ஃபோகோ என்று ஒரு தீவாம். நடுவில் எரிமலை, அந்த எரிமலையின் வாய்க்குள்ளேயே ஒரு ஊர், அந்த ஊரில் திராட்சைத் தோட்டம், அவன் வீடு அங்கேதான் என்றான். நான் அளந்துவிடுகிற ஆள் என்று யாரோ முன்கூட்டியே சொல்லி, போட்டிக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். விசாரித்தால் அத்தனையும் நிஜம். அன்றிலிருந்து அவன் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. பேசுவது போர்த்துகீசு. மெதுவாகப் பேசினால் எங்களுக்கு விளங்கும், பக்கத்து வீட்டுச் சண்டை விளங்குவதைப் போல.

அவனுக்கு இங்கே ஒரே ஒரு சீசன்தான் அவகாசம். மூன்றாம் பிரிவில் வயது ஏறியவனுக்கு இடமில்லை. சீசன் முடிவதற்குள் மேல்பிரிவு அணி எதுவும் கூப்பிடவில்லை என்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். “ஊர்ல எல்லாரும் நான் அந்தப் படத்துல இருக்கிற மைதானத்துல ஆடுறேன்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க” என்றான். “தோத்துத் திரும்பிப் போனா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?”

எங்கள் அணியை நடத்துகிறவர், சூளைக்காரர் தோன் ஃபுல்ஹென்சியோ, அவனைச் சுற்றி வந்து, குதிரையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு என் காதில் சொன்னார்: “பையன் நல்லாயிருக்கான். ஆனா சோறு போடக் காசில்ல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஞானத்தந்தைங்களக் கூப்பிட்டுடும்.”

எங்கள் பக்கம் எந்த விசேஷத்துக்கும் வழக்கம் அதுதான்: ஆளுக்கொரு செலவை ஏற்பார்கள், ஏற்கிறவர் அதற்கு ஞானத்தந்தை. கல்யாணம் என்றால் மோதிரத்துக்கு ஒரு ஞானத்தந்தை, கேக்குக்கு ஒருவர், வாத்தியக் கோஷ்டிக்கு ஒருவர், மணமக்கள் முழந்தாளிடும் மெத்தைக்கு ஒருவர். என் தங்கை மகள் கல்யாணத்தில் பல்குச்சிக்குக்கூட ஒருவர் இருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, யார் இரண்டாவது குச்சி எடுக்கிறார்கள் என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தவருக்கு ஒரு நாற்காலி, ஒரு கோப்பை மெஸ்கால் சாராயம், ஒலிபெருக்கியில் பெயர். அதோடு சரி. அவர் பேச்சைக் கேட்டு நடக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. யாரும் நடந்ததும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒலிபெருக்கியைக் கட்டிக் கூப்பிட்டேன். கட்டிலைக் கோயில் மணியடிக்கிறவர் ஏற்றார். சோப்பு, முடிவெட்டு இரண்டையும் நாவிதர் ஏற்றார். காலைச் சாப்பாட்டைச் சந்தையில் தமால், அதாவது சோளத்தோலில் பொதிந்து அவித்த சோளமாவுக் கொழுக்கட்டை, விற்கும் தோன்யா குக்கா ஏற்றாள். காலணிக் கயிறு மலிவாகத் தெரிந்ததால் அதற்கு நானே என் பெயரை அறிவித்துக்கொண்டேன், நல்ல கைதட்டல் கிடைத்தது. கடைசியாக வந்தது பூட்ஸ்.

“பூட்ஸுக்கு யாரு?”

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று கறிக்கடை தோன் கஸ்தூலோவுடையது. இன்னொன்று மருந்துக்கடை தோன் எவெரார்தோவுடையது. கடைகள் எதிரெதிர். இருவரும் ஒரு வான்கோழி விஷயமாகப் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. அந்த வான்கோழி யாருடையது என்பது இப்போது அவர்களுக்கே மறந்துவிட்டது. கோபம் மட்டும் நல்ல ஞாபகம்.

“தோன் சென்ச்சோ, எதிர்த்த கடைக்காரர் கைய எறக்கணும்னு சொல்லும்” என்றார் கஸ்தூலோ.

“என் காதுல விழுந்துச்சுன்னு சொல்லும். எறக்க மாட்டேன்னும் சொல்லும்” என்றார் எவெரார்தோ.

“மாத்திரை விக்கிறவருக்குக் கால்பந்து என்ன தெரியும்னு கேளும்.”

“பன்னிக்காலத் தவிர வேற காலு பாத்திருக்காரான்னு கேளும்.”

நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்துவிட்டது. கடைசியில் பயிற்சியாளர் அபுந்தியோ குறுக்கே வந்தார். பயிற்சியாளரை எங்கள் பக்கம் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். “ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்கய்யா. எடது உமக்கு, வலது அவருக்கு” என்றார், விளையாட்டாக. அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நகைச்சுவை அது. அதற்கு அந்த சீசன் முழுக்க அழுதார். இருவரும் நகரத்துக்குப் போய், ஒரே கடையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு பூட்ஸை முகர்ந்து பார்த்து, வளைத்துப் பார்த்து வாங்கி வந்தார்கள். இடதில் கஸ்தூலோவின் பெயர். வலதில் எவெரார்தோவின் பெயர், மருந்துக் குப்பியில் ஒட்டும் சீட்டில்.

மறுநாள் காலையில்தான் விபரீதம் ஆரம்பித்தது.

அதெரித்தோ சந்தைக்குப் போய், தோன்யா குக்காவின் கையைப் பிடித்து முத்தமிட்டு, “ஆசீர்வாதம் குடுங்க, ஞானம்மா” என்றான்.

“என்னடா இது, நான் என்ன பிஷப்பா?”

“எங்க ஊர்ல ஞானம்மா, ஞானப்பா சொல்லத் தட்டக்கூடாதுங்க. தட்டினா எரிமலை பொங்கும். எங்க மாமா ஒருத்தரு தட்டினாரு. வீடு போச்சு, கழுதை போச்சு.”

அவன் ஊரில் ஒருவனுக்கு ஞானஸ்நானத்தின்போது ஒரே ஒரு ஞானத்தந்தைதான். அவர் சொன்னால் சொன்னதுதான். எங்கள் ஊரில் பல்குச்சிக்கும் ஞானத்தந்தை உண்டு, அவர் வெறும் உபயதாரர் என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஊரே தன்னைத் தத்து எடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

தோன்யா குக்கா தட்டில் தமாலை வைத்து, “சாப்புடு” என்று சொல்லிவிட்டு மாவரைக்கப் போய்விட்டாள். ‘போதும்’ என்று சொல்ல மறந்துவிட்டாள். அவள் திரும்பி வந்து பார்த்தபோது அவன் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அடுப்பில் இருந்த பெரிய பானை காலி. அன்றைய வியாபாரம் முழுவதும் அவன் வயிற்றில். கண்ணில் தண்ணீர் வழிய, ஒவ்வொரு தமாலாக, சோளத்தோலை உரித்து உரித்து, முன்னால் தோல்குவியல் அவன் தலைக்கு மேலே வந்திருந்தது. அவனைக் காணோம், குரல் மட்டும்தான் வந்தது: “இன்னும் இருக்கா, ஞானம்மா?”

தோன்யா குக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வியாபாரம் போனதற்காக அல்ல.

“நான் சொன்னத ஒருத்தன் கேட்டுட்டான்யா!” என்று சந்தை முழுக்கச் சொன்னாள்.

எங்கள் ஊரை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே யார் சொல்வதையும் யாரும் கேட்டது கிடையாது. நகரசபை, ‘இங்கே குப்பை கொட்டாதீர்கள்’ என்று ஒரு பலகை வைத்தது. மறுநாள் அங்கே முதலில் விழுந்த குப்பை அந்தப் பலகைதான். பாதிரியார் ‘எழுந்து நில்லுங்கள்’ என்றால் பாதிப் பேர் உட்கார்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் சொன்னதைச் செய்கிற ஒருவன் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

கட்டில் கொடுத்த மணியடிக்கிறவர், எல்லாப் பூசைக்கும் வரச் சொன்னார். வந்தான். நாவிதர், தான்தான் சான் லூக்காஸிலேயே நன்றாக முடிவெட்டுகிறவர் என்று தெருவில் சொல்லிக்கொண்டு நடக்கச் சொன்னார். ஊரில் வேறு நாவிதரே இல்லை, இருந்தாலும் சொல்லிக்கொண்டு நடந்தான். காலுறை வாங்கிக் கொடுத்த விதவை, தன் கிளிக்கு போர்த்துகீசு சொல்லித்தரச் சொன்னாள். அந்தக் கிளி இப்போது எங்களையெல்லாம் மதிப்பதில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. காலணிக் கயிற்றின் அதிகாரத்தில், “உக்காந்து நான் சொல்ற கதைய முடியற வரைக்கும் கேளு” என்றேன். கேட்டான். என் மனைவிகூடச் செய்யாத காரியம். கழுதையும் பாலமும் என்று ஒரு கதை உண்டு என்னிடம், அதைத் தவணை முறையில் ஆரம்பித்தேன்.

இதெல்லாம் சரி. மைதானத்தில்தான் சரியில்லை.

பையனுக்கு இரண்டு காலும் உண்டு. முதல் நாள் பயிற்சியில் இடது காலால் அடித்த பந்து கம்பத்தில் பட்டு, கம்பம் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. வலது காலால் அடித்த பந்தைப் பிடித்த எலிசேயோ, பந்தோடு சேர்ந்து வலைக்குள் போய், அங்கிருந்து வெளியே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆனால் முதல் போட்டியன்று இடது பக்கக் கயிற்றோரம் கஸ்தூலோ நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வலது பக்கக் கயிற்றோரம் எவெரார்தோ.

“எடது கால்ல அடிடா!”

“சரிங்க, ஞானப்பா.”

“வலது கால்ல அடி, மவனே!”

“சரிங்க, ஞானப்பா.”

அவன் இடது காலைத் தூக்குவான். சத்தம் கேட்டதும் இறக்கி வலதைத் தூக்குவான். மறுபடி சத்தம். மாற்றி மாற்றித் தூக்கினால் அது நடனம். பந்து அதற்குள் அடுத்த ஆட்டக்காரன் காலுக்கு, அடுத்த பாதிக்கு, அடுத்த ஊருக்குப் போயிருக்கும். எதிரணிக்காரர்கள் அவனைத் தடுப்பதையே விட்டுவிட்டுத் தாளம் போட ஆரம்பித்தார்கள்.

வாத்தியார் அபுந்தியோ தலையில் அடித்துக்கொண்டார். “டேய், நான் சொல்றதக் கேளுடா!”

“நீங்க எதுக்கு ஞானப்பா, வாத்தியாரே?” என்று பணிவாகக் கேட்டான்.

அவர் எதற்கும் இல்லை. என்னிடம் ஓடிவந்து, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பற்பசைவரை போய்விட்டது என்றேன். பயிற்சியாளராக இருந்து என்ன பிரயோசனம், அந்தப் பையனை அதட்ட ஒரு சோப்புக்கட்டிகூட அவர் கையில் இல்லை.

சீசன் இப்படியே தேய்ந்தது. அதெரித்தோ ஒரு கோலும் அடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவனுடைய ஏஜென்ட் தொலைபேசியில் பேசினார். கடைசிப் போட்டிக்கு, நகரத்து இரண்டாம் பிரிவு அணியிலிருந்து இன்ஜினியர் சமூதியோ என்பவர் ஆள் பார்க்க வருகிறார். அவர் கூட்டிக்கொண்டு போனால் உண்டு, இல்லையென்றால் விமான டிக்கெட் ஃபோகோவுக்குத்தான்.

அதெரித்தோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கழுதைக் கதைக்கு வந்திருக்கிறான் என்று நான் தொண்டையைக் கனைத்தேன்.

“ஞானப்பா, ஞாயித்துக்கெழம நான் எந்தக் கால்ல ஆடணும்?”

“உனக்கு எது வருதோ அதுல ஆடு.”

“அப்படி ஒருத்தரும் சொல்லலியே” என்றான். கண்ணைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய பையன், அழுகிற பதத்தில் இருந்தான். அன்றைக்குக் கதை சொல்லவில்லை.

நேராகக் கறிக்கடைக்குப் போனேன்.

“கஸ்தூலோ, ஞாயித்துக்கெழம மட்டும் வாய மூடிக்கிட்டு இரும். பையன் பொழப்பு போயிரும்.”

“நான் மூடிக்குவேன். எதிர்த்தாப்புல இருக்கிறவர் மூடுவாரா?”

தெருவைக் கடந்து மருந்துக்கடைக்குப் போனேன்.

“அவரு மொதல்ல மூடட்டும். நான் அப்புறம் மூடுறேன்” என்றார் எவெரார்தோ.

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மூடலாமே?”

“அதுக்குப் பேசி வச்சிக்கணும். அவரோட நான் பேசுறதில்லையே.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இன்ஜினியர் சமூதியோ ஒரு வெள்ளை வேனில் வந்து இறங்கினார். அவர் என்ன இன்ஜினியர், எதைக் கட்டினார் என்று யாருக்கும் தெரியாது, கண்ணாடி மட்டும் போட்டிருந்தார். பீர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஆட்டம் எங்கள் வழக்கப்படி மோசமாகப் போனது. இரண்டு அணிக்கும் கோல் இல்லை. அதெரித்தோ பந்து கிடைத்தபோதெல்லாம் இடதும் வலதுமாகக் காலை மாற்றிக்கொண்டே இருந்தான். இன்ஜினியர் கொட்டாவி விடுவதை நான் ஒலிபெருக்கி மேடையிலிருந்து பார்த்தேன்.

ஆட்டம் முடிகிற நேரத்தில், எதிரணித் தடுப்பாட்டக்காரன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். நடுவர் விசில் ஊதி, கோலுக்கு எதிரே புள்ளியைக் காட்டினார். பெனால்ட்டி! ஒலிபெருக்கியில் நான் கத்தியதில் அதன் கம்பி கருகியது.

அதெரித்தோ பந்தைப் புள்ளியில் வைத்தான். பின்னால் நகர்ந்தான். இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எடது!” என்றார் கஸ்தூலோ.

“வலது!” என்றார் எவெரார்தோ.

பையன் அப்படியே நின்றான். இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு பந்தை அங்கேயே விட்டுவிட்டு, மைதானத்தை விட்டு நடக்க ஆரம்பித்தான்.

“டேய், எங்கடா போற?” என்றார் நடுவர்.

“கொஞ்சம் இருங்க. கேட்டுட்டு வந்துர்றேன்.”

வலது கோட்டுக்குப் போய் எவெரார்தோவின் கையைப் பிடித்தான். அவரை எழுப்பி, மைதானத்தின் குறுக்கே நடத்தி, இடது கோட்டில் இருந்த கஸ்தூலோவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டு பேர் கையையும் முத்தமிட்டான்.

“ஞானப்பா, நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்த. எதுவானாலும் செய்யிறேன்.”

கயிற்றோரம் நின்றவர்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்தார்கள். நாய்கள்கூட உட்கார்ந்தன. இவர்கள் பேசி எவ்வளவு காலம் ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

“ஓய், எவெரார்தோ” என்றார் கஸ்தூலோ.

“என்ன?”

“குண்டாயிட்டீரு.”

“உம்ம கறியத் தின்னு இல்ல. அது எலும்பாத்தான் வருதுன்னு என் வீட்டுக்காரி சொல்றா.”

“என் கடைக்கு வர்றாங்களா உம்ம வீட்டுக்காரி?”

“பின்வாசல் வழியா.”

“என் முட்டிவலி மாத்திரையும் உம்ம கடையிலதான். மருமவளத்தான் அனுப்புவேன்.”

“தெரியும். அதான் நல்லதாப் பாத்துக் குடுப்பேன்.”

நடுவர் கடிகாரத்தைத் தட்டினார். “பெரியவங்களே, அந்த வான்கோழி விஷயத்த அப்புறம் பேசலாம்.”

“வான்கோழின்னு யாரு சொன்னா? உமக்கு எப்படித் தெரியும்?” என்று இருவரும் சேர்ந்து அவரை முறைத்தார்கள். அதிலேயே பாதி சமாதானம் ஆகிவிட்டது.

“பையன் நிக்கிறான்” என்றார் கஸ்தூலோ.

“நிக்கிறான். வலது கால்ல அடிச்சா வேலை முடிஞ்சுது.”

“எடதுல அடிச்சாலும் முடிஞ்சுது.”

“ரெண்டு காலாலயும் சேத்து அடிச்சா?”

“மல்லாக்க விழுவான்.”

இருவரும் யோசித்தார்கள். இவ்வளவு காலம் கழித்துப் பேசுகிறோம், முதல் பேச்சிலேயே ஒருவர் தோற்றுப்போவதா என்கிற கவலை இருவர் முகத்திலும் இருந்தது.

“உம்ம காலு வேணாம்” என்றார் கஸ்தூலோ மெதுவாக. “என் காலும் வேணாம்.”

“அதான் மரியாதை” என்றார் எவெரார்தோ. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு, ஒரே குரலில் சொன்னார்கள்: “நீ அடிக்காத, மவனே. வேற யாரையாவது அடிக்கச் சொல்லு.”

வாத்தியார் அபுந்தியோ புல்தரையில் படுத்துவிட்டார்.

அதெரித்தோவின் முகத்தை நான் பார்த்தேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், தாடை இறுகியது. பிறகு, “சரிங்க, ஞானப்பா. சரிங்க, ஞானப்பா” என்றான். திரும்பிப் போய்ப் பந்தை எடுத்து, கோல்காப்பாளன் எலிசேயோவின் கையில் கொடுத்தான்.

எலிசேயோ ஓடிவந்து உதைத்தான். பந்து கோலுக்கு மேலே, சூளைக்கு மேலே, மலைக்கு மேலே போனது. இன்னும் கீழே வரவில்லை. பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்யாணத்தில் கேக்கின் மேல் வந்து விழுந்ததாகவும், கேக்கின் ஞானத்தந்தை வழக்குப் போடப் போவதாகவும் கேள்வி. ஆட்டம் முடிந்தது.

அதெரித்தோ தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். கழற்றிய பூட்ஸ் இரண்டின் கயிறுகளையும் சேர்த்து முடிந்து வைத்தேன். கயிற்றுக்கு ஞானத்தந்தை நான்தானே.

அப்போது இன்ஜினியர் சமூதியோ வந்தார்.

“இவன நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

“ஒரு கோலும் அடிக்கலியே, இன்ஜினியர்” என்றார் தோன் ஃபுல்ஹென்சியோ, ஆச்சரியத்தில் உண்மையைச் சொல்லி.

“கோல் அடிக்கிறவன் எங்ககிட்ட நெறைய இருக்கான்யா. ஒவ்வொருத்தனும் ஒரு மகாராஜா. பின்னால நில்லுடான்னா முன்னால ஓடுவான். பந்தக் குடுடான்னா மொறைப்பான். எங்க வாத்தியாருக்கு ரத்தக்கொதிப்பே வந்துருச்சு. இவன் கையில இருந்த பெனால்ட்டியத் தூக்கிக் குடுத்தான்! சொன்னாங்கன்னு குடுத்தான்! நான் இந்த நாட்டுல இப்படி ஒருத்தனப் பாத்ததில்ல. கோலுக்கு முன்னால நிறுத்தி, ‘இங்கயே நில்லு’ன்னு சொல்லப் போறேன். தடுப்பாட்டக்காரன். இருட்டுறதுக்குள்ள கெளம்பணும், வர்றியா?”

அதெரித்தோ எழுந்து நின்றான். முகம் முழுக்க வெளிச்சம். ஆனால் சொன்னது இது: “ஞானப்பா, ஞானம்மா எல்லாரையும் கேட்டுட்டு வந்துர்றேன்.”

“பாத்தீங்களா! கேட்டுட்டு வர்றானாம்!” என்று இன்ஜினியர் பூரித்துப் போனார்.

உள்ளபடி சொல்கிறேன், ஊரில் யாருக்கும் அவனை விட மனசில்லை. அவன் போனால் சொன்னதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? மணியடிக்கிறவர் முதலில், கட்டில் சும்மா கிடக்குமே என்று இழுத்தார், பிறகு போகச் சொன்னார். நாவிதர் மூக்கைச் சிந்தியபடி சொன்னார். கஸ்தூலோவும் எவெரார்தோவும், யார் முதலில் அனுமதி கொடுப்பது என்று மறுபடி சண்டை வந்துவிடும்போலிருந்ததால், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி ஒன்றாகச் சொன்னார்கள். என்னிடம் வந்தான்.

“கழுதை இன்னும் பாலத்து மேலதான் நிக்குது” என்றேன்.

“தெரியும், ஞானப்பா.”

“நிக்கட்டும். போ.”

மிச்சம் தோன்யா குக்கா மட்டும். மைதானத்து ஓரத்தில் அவள் பானை வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், ஆனால் நிமிரவில்லை.

“ஞானம்மா, மேல்பிரிவுக்குக் கூப்பிடுறாங்க.”

“போகாத.”

“ஞானம்மா…”

“மேலயாவது, கீழயாவது. அங்க யாருடா உனக்குக் காலையில வடிச்சுக் கொட்டுவா? என் வயித்துல பொறந்ததுங்க இருக்கே, உக்காருன்னு சொன்னா நிக்கும். இங்கயே நில்லுன்னு சொன்னேன், ஒவ்வொண்ணா எல்லை தாண்டி வடக்கே போயிருச்சுங்க. போன் பண்ணுன்னா அதுவும் பண்றதில்ல. நீ ஒருத்தன்தான் என் பேச்சக் கேட்ட. போகாத. நான் சொல்லிட்டேன்.”

கரண்டியால் பானை விளிம்பை ஒரு தட்டுத் தட்டினாள்.

அதெரித்தோ வேனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் உதடு இரண்டு தடவை ‘சரிங்க’ என்பதற்குக் குவிந்து, இரண்டு தடவையும் சத்தம் வராமல் மூடிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

“இல்லீங்க, ஞானம்மா” என்றான். “நான் போறேன்.”

அவன் வாயில் அந்த வார்த்தையை நாங்கள் கேட்டதே இல்லை. அவனுக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும், சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து, எதுவோ மேலே விழப்போவதுபோல் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான்.

இன்ஜினியர் சமூதியோ வேன் கதவிலிருந்து கையை எடுத்தார்.

“என்னய்யா இது? சொன்ன பேச்சு மீறுறான்? அந்த ஒரு குணத்துக்காகத்தானே நான் கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கு இந்தம்மாவ மீறுறவன் நாளைக்கு எங்க வாத்தியார மீற மாட்டானா? எதுக்கும் நான் கொஞ்சம் யோசிச்சு…”

தோன்யா குக்கா கரண்டியோடு எழுந்தாள். அழப்போகிற முகம்தான் அது, எங்களுக்குத் தெரியும். ஆனால் இன்ஜினியரிடம் போய்ச் சேர்வதற்குள் அந்த முகம் வேறாகிவிட்டது.

“யோவ், கண்ணாடி! என்ன யோசிக்கப் போற நீ? இந்த ஊர்ல எத்தன பேரு இவன ஆட்டி வச்சாங்க தெரியுமா? கிளிக்குப் பாடம் சொல்லச் சொன்னாங்க, சொன்னான். இந்தக் கெழவன் கதைய உக்காந்து கேட்டான்யா, தெரியுமா உனக்கு? ஒருத்தர் சொல்லத் தட்டினதில்ல. என்னத்தான் தட்டினான். என்ன மட்டும்! எல்லாரும் கேட்டீங்கல்ல? என்ன மட்டும்தான்!” சுற்றிலும் திரும்பி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். அப்படி ஒரு கர்வத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. “ஏன்னு கேளு. மத்தவங்கள்லாம் காசு குடுத்தவங்க. நான்தான் அவனுக்கு அம்மா. நீ உங்கம்மா பேச்சக் கேட்டவனா?”

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

“டாக்டருக்குப் படிக்கச் சொன்னாங்க” என்றார் சின்னக் குரலில்.

“கேட்டியா?”

“இல்ல.”

“அப்ப கதவத் தெற.”

திறந்தார். அதெரித்தோ அவள் கையை முத்தமிடக் குனிந்தான். அவள் அந்தக் கையாலேயே அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டு, பிறகு இழுத்து அணைத்துக்கொண்டாள். பானையை அப்படியே துணியில் சுற்றி அவன் மடியில் வைத்தாள்.

“சூடா இருக்கு. வழியில தொறக்காத. ஊர் போய்ச் சேந்துதான் தின்னணும், சொல்லிட்டேன்.”

“சரிங்க, ஞானம்மா.”

வேன் சரிவில் இறங்கி, சூளையைச் சுற்றித் திரும்பும்போது பக்கவாட்டில் நன்றாகத் தெரிந்தது. துணி அவிழ்ந்திருந்தது. அவன் ஒரு தமாலை வாயில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை உரித்து இன்ஜினியருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்று தோன்யா குக்கா என் கையைப் பிடித்து உலுக்கினாள்.